ரெண்டர் பாதியில் நிற்கிறது, கேட் கம்பி நடுங்குகிறது: புது லேப்டாப் வாங்கலாமா?

கேள்வி: பெங்களூரு எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் நான்கு பேர் மட்டும் உள்ள சிறிய கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். இப்போது கையில் இருப்பது தேவனஹள்ளிப் பக்கம் ஒரு வீடு. ஸ்கெட்ச்அப்பில் முப்பரிமாண மாடல் செய்து என்ஸ்கேப்பில் ரெண்டர், அதாவது நிஜம் போன்ற படம், எடுக்கிறேன். லேப்டாப்பில் ஆர்.டி.எக்ஸ். 3050, 4 ஜி.பி. கார்டு, ராம் 16 ஜி.பி. பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாக ஓடுகிறது. 4கே படம் எக்ஸ்போர்ட் கொடுத்தால் திரை ஒரு நொடி கறுத்து என்ஸ்கேப் மூடிக்கொள்கிறது, சில நேரம் ஸ்கெட்ச்அப்பும் சேர்ந்து போய்விடுகிறது. சர்வேயர் கொடுத்த டிராயிங்கை உள்ளே கொண்டுவந்த பிறகு, நடந்து பார்க்கும்போது கேட் கம்பிகளும் காம்பவுண்டு சுவரின் விளிம்பும் நடுங்குகின்றன. வீட்டுக்கார அம்மா வேறு, “ஆனி மாசம் மத்தியானம் வடக்குத் திண்ணையிலதான் வெயில் விழும், உங்க படத்துல தெக்கால விழுதே” என்கிறார். எல்லாவற்றுக்கும் லேப்டாப் போதாததுதான் காரணம் என்கிறார்கள் அலுவலகத்தில். அடுத்த வெள்ளிக்கிழமை படங்களைக் காட்ட வேண்டும். ஒன்றரை லட்சம் போட்டுப் புதிது வாங்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். நீங்கள் எழுதியிருப்பவை மூன்று தனித்தனிக் கோளாறுகள், ஒன்றுக்கொன்று தொடர்பு கிடையாது. எக்ஸ்போர்ட்டில் மூடிக்கொள்வதற்குப் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டின் மெமரி நிரம்பியதுதான் காரணமாக இருக்கும். கம்பி நடுங்குவது சர்வே டிராயிங்கில் உள்ள ஆயத்தொலைவுகளால். வெயில் மாறி விழுவது, ஸ்கெட்ச்அப்புக்கு உங்கள் வீடு எந்த ஊரில் இருக்கிறது என்று யாரும் சொல்லாததால். புது லேப்டாப் வந்தால் முதலாவது கொஞ்ச நாள் தள்ளிப்போகும். மற்ற இரண்டும் அப்படியே கூட வரும்.

முதலில் கறுத்துப் போகும் திரை. கிராஃபிக்ஸ் கார்டு கொடுத்த வேலைக்குப் பதில் சொல்லாமல் 2 நொடி நின்றுவிட்டால், அது செத்துவிட்டது என்று விண்டோஸ் முடிவுகட்டி, கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை நிறுத்தித் திரும்பத் தொடங்கிவைக்கும். அந்த ஒரு நொடிக் கறுப்பு அதுதான். விண்டோஸ் மீண்டு வந்துவிடும். ஆனால் கார்டுக்குள் என்ஸ்கேப் வைத்திருந்த எல்லாமே அழிந்துபோயிருக்கும், அதனால் அது மூடிக்கொள்ளும். இதை உறுதி செய்துகொள்ள ஸ்டார்ட் மெனுவில் ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் என்று போங்கள். க்ராஷ் ஆன அதே நிமிடத்தில், டிஸ்ப்ளே என்ற மூலத்திலிருந்து 4101 என்ற எண்ணோடு ஒரு எச்சரிக்கை இருந்தால் சந்தேகமே வேண்டாம். என்ஸ்கேப் காட்டும் பிழைச் செய்தியில் டிவைஸ் லாஸ்ட் அல்லது டிவைஸ் ரிமூவ்ட் என்று இருந்தாலும் பொருள் இதுவே.

கார்டு ஏன் நின்றது என்பது அடுத்த கேள்வி. இதற்கு அளந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை, அளக்க 10 நிமிடம் போதும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஜிபியு 0, ஜிபியு 1 என்று இரண்டு இருக்கும். பெயரைப் பார்த்து என்விடியா எதுவோ அதைத் திறங்கள். கீழே டெடிகேட்டட் மெமரி, ஷேர்ட் மெமரி என்று இரண்டு அளவுகள் தெரியும். முதலாவது கார்டின் சொந்த 4 ஜி.பி. இரண்டாவது, அது நிரம்பியபின் ராமிலிருந்து கடன் வாங்கும் இடம். எதுவும் திறக்காதபோது, ஸ்கெட்ச்அப் மட்டும் திறந்தபோது, என்ஸ்கேப் ஓடும்போது, எக்ஸ்போர்ட் அழுத்திய பிறகு என்று நான்கு முறை இரண்டு எண்களையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். டெடிகேட்டட் 3.7, 3.8 என்று முட்டி நின்று, ஷேர்ட் மட்டும் மளமளவென்று ஏறினால் நோய் பிடிபட்டுவிட்டது. கார்டு தன் சொந்த மெமரியைப் படிக்கும் வேகத்தோடு ஒப்பிட்டால், ராமில் கடன் வாங்கிய இடத்தைப் படிக்கும் வேகம் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அரை நொடியில் முடிய வேண்டிய வேலை 5 நொடி இழுக்கும். விண்டோஸின் பொறுமையோ 2 நொடிதான்.

நடந்து பார்க்கும்போது வராத இந்தச் சிக்கல் எக்ஸ்போர்ட்டில் மட்டும் ஏன் வருகிறது என்றால், உங்கள் திரை 1920க்கு 1080, அதாவது சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 4கே என்பது 3840க்கு 2160, சுமார் 83 லட்சம். சரியாக நான்கு மடங்கு. ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் மட்டுமல்லாமல், தூரம், பரப்பு பார்க்கும் திசை, பிரதிபலிப்பு என்று பல அடுக்குகளைக் கார்டு ஒரே சமயத்தில் வைத்திருக்க வேண்டும். அவையும் நான்கு மடங்காகும். ஏற்கெனவே 3.5 ஜி.பி. நிரம்பியிருக்கும் கார்டில் அதற்கு இடமில்லை.

அந்த 3.5 ஜி.பி.யைத் தின்பது எது என்று தேடினால், பத்தில் எட்டு முறை டெக்ஸ்சர் படங்கள்தான், அதாவது தரை, சுவர்ப் பரப்புகளின் மேல் ஒட்டும் படங்கள்தான் அகப்படும். இங்கே எல்லோரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இணையத்தில் சாதரஹள்ளிக் கல் டெக்ஸ்சர் ஒன்றை 8கே அளவில் இறக்குகிறீர்கள். ஃபைல் 12 எம்.பி.தான், என்ன பெரிதாகிவிடும் என்று தோன்றும். ஆனால் ஜேபெக் சுருக்கம் வட்டில் இருக்கும்வரைதான். கார்டுக்குள் போகும்போது அது புள்ளி புள்ளியாக விரியும். 8192க்கு 8192 புள்ளி, புள்ளிக்கு 4 பைட் என்றால் 256 எம்.பி. தூரத்தில் தெரியும்போது பயன்படுத்த அதையே பாதி, கால், அரைக்கால் என்று குறைத்துக் கார்டு வைத்துக்கொள்ளும் பிரதிகளையும் சேர்த்தால் 341 எம்.பி. நிறத்துக்கு ஒன்று, மேடுபள்ளத்துக்கு ஒன்று, மினுமினுப்புக்கு ஒன்று என்று மூன்று படங்களை ஒரே தரைக்கு ஏற்றியிருந்தால், சுருக்காத நிலையில் 1 ஜி.பி. போர்ட்டிகோ தரை ஒன்றுக்கே கார்டில் கால்வாசி போயிற்று. அதே படங்கள் 4096 அளவில் இருந்தால் ஒன்று 85 எம்.பி., 2048 அளவில் ஒன்று 21 எம்.பி. பக்கத்தைப் பாதியாக்கினால் எடை காலாகக் குறைகிறது என்பதை மனத்தில் வையுங்கள்.

தரம் போய்விடுமே என்று பயப்பட வேண்டாம், கணக்கிட்டே பார்த்துவிடலாம். ஆள் உயரத்தில் நின்று எடுக்கும் படத்தில், சட்டத்துக்குள் வரும் மிக அருகிலுள்ள தரை பெரும்பாலும் 3 மீட்டருக்குக் குறையாமல் தள்ளி இருக்கும். கேமரா 60 டிகிரி அகலம் பார்த்தால் அந்தத் தூரத்தில் படத்தின் அகலத்துக்குள் சுமார் 3.5 மீட்டர் தரை அடங்கும். 4கே படத்தில் 3840 புள்ளிகள் அந்த 3.5 மீட்டரைக் காட்டுகின்றன, அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு புள்ளி. உங்கள் கல் டெக்ஸ்சர் 2.4 மீட்டர் அகலத் தரையைக் காட்டுவதாக இருந்தால், 2048 புள்ளிகளே மில்லிமீட்டருக்கு 0.85 புள்ளி கொடுத்துவிடும். இதற்கு மேல் ஏற்றுவதில் பெரும்பகுதி திரைக்கு வந்து சேராத பாரம். ஆகவே தரை, சுவர், மரப்பலகை எல்லாவற்றுக்கும் 2048 வைத்துக்கொள்ளுங்கள். சமையல் மேடையை முகத்தருகே காட்டும் படம் ஒன்று இருக்கிறதென்றால் அந்தக் கல்லுக்கு மட்டும் 4096. மங்களூர் ஓட்டுக் கூரை, காம்பவுண்டு சுவரின் வெளிப்பக்கம், சாலை இவற்றுக்கு 1024 போதும். மேடுபள்ளப் படமும் மினுமினுப்புப் படமும் நிறப் படத்தைவிட ஒரு படி சிறியதாக இருந்தால்கூடக் கண்ணுக்குத் தெரியாது.

சிறிதாக்குவதற்கு மைக்ரோசாஃப்ட்டின் இலவச பவர்டாய்ஸ் தொகுப்பில் உள்ள இமேஜ் ரீசைசர் வசதியானது. ஃபோல்டரில் படங்களைத் தேர்ந்தெடுத்து வலது க்ளிக் செய்து ஒரே தடவையில் மாற்றலாம். மூலப் படங்களை வேறு ஃபோல்டரில் பத்திரப்படுத்திவிட்டுச் செய்யுங்கள். ஸ்கெட்ச்அப் மெட்டீரியலில் புதுப் படத்தைக் கொடுத்த பிறகு, அதன் அகலம் பழையபடி 2400 மி.மீ. என்றே இருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் கல்லின் புள்ளிகள் பூதாகரமாகவோ பொடியாகவோ தெரியும். கூடவே, டெக்ஸ்சர் ஃபோல்டருக்கும் ஃபைலுக்கும் தமிழில் பெயர் வைத்திருந்தால் ஆங்கில எழுத்துக்கு மாற்றிவிடுங்கள். நம் எழுத்தில் வைத்த பெயரைச் சில பிளகின்கள் இன்னும் படிக்காமல் விடுகின்றன, அந்தப் பரப்பு வெறும் நிறமாக நிற்கும்.

அடுத்தது வடிவங்களின் எடை. விண்டோ மெனுவில் மாடல் இன்ஃபோ, அதில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ். நெஸ்டட் காம்பொனென்ட்களையும் எண்ணும்படி டிக் செய்து ஃபேஸ், அதாவது தட்டைப் பரப்புகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். முதலில் பர்ஜ் அன்யூஸ்ட் அழுத்துங்கள். போட்டுப் பார்த்துக் கழித்த சோஃபாவும் டைலும் ஃபைலுக்குள் இன்னும் குடியிருக்கும், அவை வெளியேறும். பிறகு குளியலறைக்குப் போங்கள். வீடு முழுவதும் சேர்ந்து 60,000 ஃபேஸ் இருக்க, தயாரிப்பாளர் கொடுக்கும் குழாய் மாடல் ஒன்றே லட்சத்தைத் தாண்டுவது சாதாரணம். அது தொழிற்சாலைக்காக வரைந்தது, உள்ளே மரை வரைக்கும் இருக்கும். அதை நீக்கி, என்ஸ்கேப்பின் அசெட் நூலகத்திலிருந்து ஒன்றை வையுங்கள். மரம் செடிகளையும் அந்த நூலகத்திலிருந்தே எடுங்கள். ஸ்கெட்ச்அப்புக்குள் அவை லேசான அடையாள வடிவமாக மட்டும் இருக்கும். ஒரே நாற்காலி 12 இருந்தால் 12ம் ஒரே காம்பொனென்டின் நகல்களாக இருக்கட்டும். எக்ஸ்ப்ளோட் செய்து பிரித்துவிட்டால் 12 தனி நாற்காலிகளின் எடை.

இவ்வளவும் செய்துவிட்டு அந்த நான்கு அளவுகளை மறுபடி எடுங்கள். எக்ஸ்போர்ட்டுக்கு முன் 2.5 ஜி.பி.க்குள் வந்துவிட்டால் 4கே போக வாய்ப்பு நன்றாக இருக்கிறது.

லேப்டாப் பக்கம் பார்க்க வேண்டியவை சில, சட்டென்று முடிபவை. செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் என்று போய் ஸ்கெட்ச்அப்பை ஹை பெர்ஃபார்மன்ஸ் என்று குறித்துவிடுங்கள். இல்லையென்றால் அது பிராசசருக்குள்ளேயே இருக்கும் சிறிய கார்டில் ஓடினாலும் ஓடும். எக்ஸ்போர்ட் நேரத்தில் குரோம், ஃபோட்டோஷாப் இரண்டையும் மூடுங்கள், இரண்டுமே கார்டு மெமரியைத் தொடுபவை. லேப்டாப்போடு வந்த சார்ஜரிலேயே ஓட்டுங்கள். டைப்-சி போன் சார்ஜர் கார்டுக்குத் தேவையான வாட்டைத் தராது. மின்தடை வந்து ஜெனரேட்டர் எடுப்பதற்குள் லேப்டாப் பேட்டரிக்குத் தாவும், அந்த நொடியில் கார்டின் வேகம் பாதிக்கும் கீழே போகும். ஓடிக்கொண்டிருக்கும் எக்ஸ்போர்ட் அதில் அடிபடலாம், எனவே யு.பி.எஸ். இணைப்பில் உட்கார்ந்து எடுங்கள். டாஸ்க் மேனேஜரில் கார்டின் வெப்பமும் தெரியும். 85 டிகிரியைத் தாண்டி நின்றால் விசிறித் துளையில் தூசி அடைத்திருக்கும், சுத்தம் செய்யச் சொல்லுங்கள். சி டிரைவில் 30 ஜி.பி.யாவது காலியாக இருக்கட்டும். 16 ஜி.பி. ராம் நிரம்பும்போது விண்டோஸ் அங்கேதான் ஒதுங்கும். டிரைவரைப் பொறுத்தவரை என்விடியாவின் ஸ்டுடியோ டிரைவரை, க்ளீன் இன்ஸ்டலேஷன் என்ற கட்டத்தை டிக் செய்து போடுங்கள். ஆனால் வெள்ளிக்கிழமைக்கு முந்தைய நாள் எந்த டிரைவரையும் மாற்ற வேண்டாம்.

இணையத்தில் தேடினால், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் டிடிஆர் டிலே என்ற எண்ணைக் கூட்டச் சொல்லுவார்கள். விண்டோஸ் காத்திருக்கும் அந்த 2 நொடியை 10 நொடியாக்குவது அது. வேலை செய்யும், பொய்யில்லை. ஆனால் அது வலி மாத்திரை. மெமரி நிரம்பிய மாடலில் அதைச் செய்தால் க்ராஷுக்குப் பதிலாகத் திரை உறைந்து நிற்பதையே பார்ப்பீர்கள். மாடலை ஒழுங்குபடுத்திய பிறகும் ஒரே ஒரு கனமான காட்சி மட்டும் விழுகிறது என்றால், ரெஜிஸ்ட்ரியை எக்ஸ்போர்ட் செய்து நகல் வைத்துக்கொண்டு, கரன்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், கிராஃபிக்ஸ் டிரைவர்ஸ் என்ற இடத்தில் டி-வேர்டு வகையில், டெசிமல் 10 என்று கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதற்கு மேல் ஏற்ற வேண்டாம்.

வெள்ளிக்கிழமைக்குள் எல்லாம் முடியாது என்று பட்டால், 4கேயை விட்டுவிட்டு 2560க்கு 1440 எடுங்கள். புள்ளிகள் பாதிக்கும் குறைவு. ஏ3 தாளில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 155 புள்ளி கிடைக்கும், கையில் பிடித்துப் பார்க்க உறுத்தாது. ஒளிக்கதிர் போகும் பாதையைக் கணக்கிடும் ரே டிரேசிங்கையும் அணைத்துப் பாருங்கள், அதற்கென்று கார்டு தனியாக வைத்திருக்கும் இடம் விடுபடும். கண்ணாடியில் எதிர்ப்பக்கக் காட்சிகள் சில காணாமல் போகும், அந்தக் கோணங்களைத் தவிர்த்துவிடலாம். வீட்டின் உட்புறத்தையும் வெளிப்புறத்தையும் தனித்தனி ஃபைலாகப் பிரித்துக்கொள்வதும் உடனடியாகப் பலன் தரும்.

வாங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. இத்தனைக்குப் பிறகும் எக்ஸ்போர்ட்டுக்கு முன்பே 3.5 ஜி.பி. தொடும் மாடல்கள்தான் உங்கள் அன்றாட வேலை என்றால், 4 ஜி.பி. கார்டு உங்களுக்குச் சிறியது, அப்போது வாங்குவது நியாயம். வாங்கும்போது கார்டின் பெயரில் உள்ள எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள், கார்டு மெமரியைக் கேளுங்கள். லேப்டாப்பில் வரும் ஆர்.டி.எக்ஸ். 4050க்கு 6 ஜி.பி., 4060க்கு 8 ஜி.பி. 4070க்கும் அதே 8 ஜி.பி.தான். உங்கள் சிக்கலுக்கு 4060லிருந்து 4070க்குத் தாவும் பணம் வீண். அலுவலகத்தில் ஒரே இடத்தில் வைத்து ரெண்டர் எடுப்பதாக இருந்தால் டெஸ்க்டாப் இன்னும் நல்ல யோசனை. டெஸ்க்டாப் 3060ல் 12 ஜி.பி. வகையும், 4060 டி.ஐ.யில் 16 ஜி.பி. வகையும் உண்டு. இரண்டிலும் 8 ஜி.பி. வகையும் இருப்பதால் பில்லில் மெமரி அளவை எழுதி வாங்குங்கள். கணினிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் விசாரிக்கும்போது யு.பி.எஸ். விலையையும் சேர்த்துக் கேளுங்கள். வழக்கமான 600 வி.ஏ. யு.பி.எஸ். சுமார் 360 வாட்தான் தரும், ரெண்டர் ஓடும் டெஸ்க்டாப்புக்கு 1000 வி.ஏ.க்குக் குறையக் கூடாது.

இனி நடுக்கம். சர்வேயர் டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியில் எடுத்த டிராயிங்கை, உலகை மண்டலங்களாகப் பிரித்து இடத்தை மீட்டரில் சொல்லும் யு.டி.எம். ஆயத்தொலைவில் கொடுத்திருப்பார். தேவனஹள்ளி 43ஆம் மண்டலத்தில் வருகிறது. அங்கே கிழக்கு எண் 7 லட்சத்து 90 ஆயிரம் மீட்டரைச் சுற்றியும், வடக்கு எண் 14 லட்சத்து 65 ஆயிரம் மீட்டரைச் சுற்றியும் இருக்கும். நிலத்தை அளக்க அது சரியான முறை, சர்வேயர் மேல் தவறில்லை. அந்த டிராயிங்கின் மேல் நீங்கள் மாடலைக் கட்டியதால், உங்கள் வீடு ஸ்கெட்ச்அப்பின் மையப்புள்ளியிலிருந்து 1,600 கிலோமீட்டருக்கும் அப்பால் நிற்கிறது. கிராஃபிக்ஸ் கார்டு இடங்களைப் பெரும்பாலும் 32 பிட் எண்ணில் வைக்கிறது. அதில் ஏழு இலக்கம் வரைதான் துல்லியம் நிற்கும். 14 லட்சத்துச் சொச்சம் மீட்டரில், ஒரு எண்ணுக்கும் அதற்கு அடுத்து எழுதக்கூடிய எண்ணுக்கும் இடையே 12.5 செ.மீ. இடைவெளி. 7 லட்சத்துச் சொச்சத்தில் 6.25 செ.மீ. நடுவே இருக்கும் எதையும் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளித்தான் வைக்க முடியும். உங்கள் கேட்டில் 20 மி.மீ. சதுரக் கம்பிகளை 100 மி.மீ. இடைவெளியில் நிறுத்தியிருப்பீர்கள். 125 மி.மீ. கட்டத்தில் அவற்றுக்கு நிற்க இடமேது? நீங்கள் ஓர் அடி நகர, கணக்கு மாற, கம்பி தாவுகிறது. வீடும் நடுங்கத்தான் செய்கிறது. பெரிய சுவரின் நடுப்பரப்பில் தெரியாதது, மெல்லிய கம்பியிலும் விளிம்பிலும் தெரிகிறது, அவ்வளவுதான்.

உறுதி செய்ய, முதலில் ஆக்சிஸ் கோடுகள் சந்திக்கும் இடத்தில் வலது க்ளிக் செய்து ரீசெட் கொடுங்கள். பிறகு டெக்ஸ்ட் கருவியை எடுத்து வீட்டின் ஒரு மூலைப்புள்ளியில் க்ளிக் செய்தால் அதன் ஆயத்தொலைவு எழுதிக் காட்டும். ஆறு ஏழு இலக்க மீட்டர்கள் வந்தால் அதுதான். பலர் ஆக்சிஸை வீட்டுப் பக்கம் நகர்த்திவிட்டு, சரிசெய்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். அது பெயர்ப்பலகையை நகர்த்துவது போலத்தான், வீடு இருந்த இடத்திலேயே இருக்கும்.

சரியான வழி டிராயிங்கிலேயே செய்வது. ஆட்டோகேடில் மனையின் தென்மேற்கு மூலை போன்ற, களத்தில் கல் நட்டிருக்கும் ஒரு புள்ளியை எடுங்கள். அதன் கிழக்கு, வடக்கு, மட்ட எண்கள் மூன்றையும் டிராயிங்கிலேயே எழுத்தாகப் போட்டுவைத்து, பிறகு எல்லாவற்றையும் அந்தப் புள்ளி 0,0,0ல் வரும்படி நகர்த்துங்கள். பின்னால் சர்வேயரிடம் பேச அந்த மூன்று எண்கள் வேண்டும், எழுதாமல் நகர்த்தாதீர்கள். பெங்களூருவின் மட்டம் கடலிலிருந்து 900 மீட்டரைச் சுற்றி. அது நடுக்கத்தை உண்டாக்காது என்றாலும், மனை மட்டத்தை பூஜ்யமாக்கிக்கொண்டால் தரைமட்டக் கணக்கு எளிதாகும். ஸ்கெட்ச்அப்புக்குள் கொண்டுவரும்போது யூனிட் மீட்டர் என்று கொடுங்கள். சர்வே மீட்டரில், உங்கள் பிளான் மில்லிமீட்டரில்.

மாடல் ஏற்கெனவே முடிந்துவிட்டதால் அதையும் நகர்த்த வேண்டும். மறைத்து வைத்தவை எல்லாவற்றையும் வெளியே காட்டி, பூட்டியவற்றைத் திறந்து, அனைத்தையும் தேர்ந்தெடுத்து, மூவ் கருவியால் அதே தென்மேற்கு மூலையைப் பிடித்து, சதுர அடைப்புக்குறிக்குள் 0,0,0 என்று தட்டி என்டர் கொடுங்கள். முடிந்ததும் ஜூம் எக்ஸ்டென்ட்ஸ் அழுத்துங்கள். வீடு புள்ளியாகச் சுருங்கிப்போனால் ஏதோ ஒரு கோடோ எழுத்தோ பழைய இடத்திலேயே விடுபட்டிருக்கிறது என்று பொருள், அதைத் தேடி அழியுங்கள். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் சேமித்து வைத்த சீன்கள், அதாவது கேமராக் கோணங்கள், வீட்டோடு நகராது. கேமரா பழைய இடத்திலேயே நின்று வெற்று வானத்தைக் காட்டும். கோணங்களைப் படமாக எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திரும்ப அமைக்க வேண்டியிருக்கும். பத்து சீனுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

நகர்த்திய பிறகும் ஏதாவது ஓர் இடத்தில் மட்டும் இரண்டு நிறங்கள் மாறி மாறி மின்னினால் அது வேறு. ஒரே தளத்தில் இரண்டு பரப்புகள் ஒட்டிக் கிடக்கின்றன, எது மேலே என்று கார்டுக்குத் தெரியவில்லை. ஸ்லாபின் மேல் டைலை வெறும் பரப்பாக ஒட்டும்போது இது வரும். டைலுக்கு 10 மி.மீ. கனம் கொடுத்துத் தூக்கி வையுங்கள்.

கடைசியாக வெயில். வீட்டுக்கார அம்மா சொல்வது முழுக்கச் சரி. புது ஸ்கெட்ச்அப் ஃபைலுக்கு ஊர் சொல்லாவிட்டால் அது அமெரிக்காவின் போல்டர் நகரத்தை எடுத்துக்கொள்ளும். அது 40 டிகிரி வடக்கில் இருக்கிறது. அங்கே ஜூனிலும் நண்பகல் சூரியன் தெற்கில்தான். பெங்களூரு 13 டிகிரி வடக்கு. ஏப்ரல் 24, 25ல் ஒருமுறையும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டி மறுமுறையும் சூரியன் நேர் உச்சியில் போகிறது. இடைப்பட்ட நான்கு மாதம் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்திருக்கும். ஜூன் 21ல் அந்தச் சாய்வு உச்சியிலிருந்து சுமார் 10.5 டிகிரி. காலை 9 மணிக்கும் அது கிழக்கிலிருந்து 20 டிகிரி வடக்கே ஒதுங்கித்தான் நிற்கும். இந்தப் பிழையோடு கூரை நீட்டத்தையும் ஜன்னல் சஜ்ஜாவையும் முடிவு செய்திருந்தால், படத்தோடு சேர்த்து அவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும். அதனால் மூன்றில் இதைத்தான் நான் பெரிய பிழையாக நினைக்கிறேன்.

மாடல் இன்ஃபோவில் ஜியோ-லொகேஷன் பக்கத்தில் இடத்தைக் கையால் கொடுங்கள். உங்கள் மனைக்கு 13.25 வடக்கு, 77.71 கிழக்கு என்று தோராயமாகக் கொடுத்தாலே சூரியனுக்குப் போதும். பிறகு ஷேடோஸ் பெட்டியில் நேர மண்டலம் யு.டி.சி. +5:30 என்று இருக்கிறதா பாருங்கள். அது தப்பினால் இடம் சரியாக இருந்தும் காலை வெயில் மதியத்தில் வரும். அடுத்து வடக்கு. ஸ்கெட்ச்அப்புக்குப் பச்சை ஆக்சிஸ் கோடுதான் வடக்கு. வரைய வசதியாக மனையின் முன்பக்கத்தைச் சிவப்புக் கோட்டுக்கு இணையாகத் திருப்பியிருப்பீர்கள், பெரும்பாலோர் அப்படித்தான் செய்வார்கள். சர்வே டிராயிங்கில் உள்ள வடக்கு அம்போடு ஒப்பிட்டு, திருப்பிய கோணத்தைச் சோலார் நார்த் கருவியில் கொடுங்கள். என்ஸ்கேப் இவற்றையெல்லாம் ஸ்கெட்ச்அப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அதற்குள் யூ, ஐ விசைகளை அழுத்தினால் நேரம் முன்னும் பின்னும் நகரும்.

வெள்ளிக்கிழமை அந்த அம்மாவுக்கு வடக்குத் திண்ணையை ஜூன் 21லும் தெற்கு ஜன்னலை டிசம்பர் 21லும் எடுத்துக் காட்டுங்கள். இரண்டுக்கும் பகல் 12:20 வையுங்கள், பெங்களூருவில் சூரியன் உச்சம் தொடுவது 12 மணிக்கு அல்ல, ஏறக்குறைய அந்த நேரத்தில்தான். கூரை விளிம்பு 3 மீட்டர் உயரத்தில் இருந்தால், ஜூன் படத்தில் விளிம்புக்கு நேர்கீழேயிருந்து திண்ணைக்குள் சுமார் 55 செ.மீ. வெயில் விழ வேண்டும். டிசம்பரில் தெற்கே அதே உயரத்துக்குச் சுமார் 2.2 மீட்டர் உள்ளே வரும். டேப் கருவியால் மாடலில் அளந்து பாருங்கள். இந்த இரண்டு அளவும் ஒத்து வந்தால் இடம், நேரம், வடக்கு மூன்றும் சரியாக அமைந்துவிட்டன.